வைக்கோல், தயிர், கொழுப்பு: அடுகோடியில் மாற்றியங்கள்

பெங்களூரின் ஓசூர் சாலையில், டெய்ரி சர்க்கிளுக்கு அருகே அடுகோடி இருக்கிறது. பேருந்தில் கடந்து செல்வோருக்கு அது நெரிசல் மிகுந்த ஒரு நிறுத்தம். கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கும் ஓர் இடம். அச்சாலையின் மதில்களுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில்களும் தீவனப் பயிர்களும் கொண்ட நூறாண்டு வளாகம் ஒன்று இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1923இல் கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமான இம்பீரியல் நிறுவனமாக அது தொடங்கப்பட்டது. 1927இல் உடல்நலம் தேறுவதற்காக மைசூர் சமஸ்தானத்தில் தங்கியிருந்த காந்தியடிகள் அங்கே சென்று மாடு வளர்ப்பு பற்றிக் கற்றார். பிற்காலத்தில் ஆனந்தில் வெண்மைப் புரட்சியை நடத்திய வர்கீஸ் குரியன், அமெரிக்கா செல்லும் முன் பயிற்சி பெற்றதும் அங்கேதான். 1955இல் தலைமையகம் கர்னாலுக்கு மாற, அடுகோடி வளாகம் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாயிற்று. 1995இல் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் அடுகோடியிலேயே அமைந்தது.

வேதியியல் படிக்கும் மாணவர் எவரும் மாற்றியங்களைத் தேடி இத்தகைய இடத்துக்குப் போக மாட்டார். வகுப்பறையில் மாற்றியம் என்றால் இடக்கையும் வலக்கையும், அடுத்து கையுறை, அதற்கடுத்து தாலிடோமைடு. ஒரு மாற்றியம் மருந்து, மற்றது நஞ்சு, பிரித்திருந்தால் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று பாடம் முடிந்துவிடும். அவ்வுவமை முழுவதும் சரியன்று. தாலிடோமைடின் இரு வடிவங்களும் உடலுக்குள்ளேயே ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்கின்றன; தூய வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தாலும் தீங்கு நேர்ந்திருக்கும். மேலும், அந்தப் பாடம் மாற்றியத்தை ஒரு விபத்தாகவே மாணவர் மனத்தில் பதிக்கிறது. எங்கோ ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நடந்த பிழை, அவ்வளவே. நாள்தோறும் நடக்கும் மாற்றிய விளையாட்டைக் காண விரும்புபவருக்கு ஒரு மாட்டுக் கொட்டிலே போதும். பசு உண்ணும் வைக்கோல், கறக்கும் பால், தோயும் தயிர், உருகும் நெய் ஆகிய நான்கிலும் வாய்பாடு சொல்லாத ஒன்றை உயிர் வாசித்துக்கொண்டிருக்கிறது.

ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, வேறு அடுக்கு: மாற்றியம் என்பதற்கு இதற்கு மேல் வரையறை தேவையில்லை. 1830இல் பெர்சிலியஸ் அதற்குப் பெயரிட்டார். அணுக்கள் எந்த வரிசையில் பிணைந்துள்ளன என்பதில் வேறுபாடு இருக்கலாம்; வரிசை ஒன்றாகவே இருந்து, வெளியில் அவை நோக்கும் திசை மட்டும் வேறுபடலாம். உயிரியலுக்கு மிகுதியும் வேண்டியது இரண்டாம் வகை.

குளுக்கோஸிலிருந்து தொடங்கலாம். வளையமாக மூடிய குளுக்கோஸ் மூலக்கூறின் முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி ஒரு பக்கம் நோக்கினால் அது ஆல்ஃபா. எதிர்ப்பக்கம் நோக்கினால் பீட்டா. நீரில் கரைந்த குளுக்கோஸில் இவ்விரண்டும் தடையின்றி ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் சங்கிலியாகக் கோக்கப்படும்போது அந்தத் திசை உறைந்துபோகிறது. ஆல்ஃபா இணைப்புகளால் கோத்த சங்கிலி சுருண்டு வளைந்து மாவுச்சத்தாகிறது. பீட்டா இணைப்புகளால் கோத்த சங்கிலி நேராக நீண்டு, அண்டைச் சங்கிலிகளுடன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு, செல்லுலோஸ் நாராகிறது. கறாராகச் சொன்னால் மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒன்றுக்கொன்று மாற்றியங்கள் அல்ல. அவற்றின் கண்ணிகள்தாம் மாற்றியங்கள். எனினும் அந்த ஒற்றைத் திசை வேறுபாடே நெல்மணியையும் வைக்கோலையும் பிரிக்கிறது. ஒரே பயிரின் மேற்பகுதி சோறாகிறது, கீழ்ப்பகுதி கூரையாகிறது.

மனிதரின் உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் நொதி ஆல்ஃபா இணைப்பை மட்டுமே வெட்டும். பீட்டா இணைப்பு அதன் பிளவில் பொருந்தாது. வைக்கோலை எவ்வளவு நேரம் வேக வைத்தாலும் பசி தீராது என்பதற்கான காரணம் இதுவே. ஆற்றல் அதற்குள் இருக்கிறது, திறவுகோல் இல்லை. பசுவிடம் மட்டும் அத்திறவுகோல் உண்டு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் பசுவின் உடலும் அந்நொதியைச் செய்வதில்லை. அது செய்யும் நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வளர்ந்த பசுவின் அசையூண் வயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதிகலன். அதிலுள்ள திரவத்தின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ரூமினோகாக்கஸ், ஃபைப்ரோபாக்டர் போன்றவை நாரின்மேல் ஒட்டிக்கொண்டு பீட்டா இணைப்புகளை அறுக்கின்றன. விளையும் குளுக்கோஸை அவையே உண்டுவிடுகின்றன. அவற்றின் கழிவாக வரும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களே பசுவின் பங்கு. புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து கல்லீரல் மீண்டும் குளுக்கோஸைக் கட்டுகிறது. மடி அதன் ஒரு பகுதியைக் காலக்டோஸாக மாற்றிப் பால்சர்க்கரையாக்குகிறது. குளுக்கோஸுக்கும் காலக்டோஸுக்கும் இடையிலுள்ள வேறுபாடும் நான்காம் கார்பனின் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி நோக்கும் திசை மட்டுமே. காலக்டோஸைக் கையாளும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலே நஞ்சாகிவிடுகிறது.

கர்நாடகத்தின் தென்மாவட்டங்களிலும் ஓசூர், தருமபுரிப் பக்கமும் உலர்தீவனம் என்றால் பெரும்பாலும் கேழ்வரகுத் தாள்தான். அந்தத் தாளிலிருந்து மேலும் சிறிது ஆற்றலை எடுக்க முடியுமா என்பதும், எடுக்கும்போது ஏப்பமாக வெளியேறும் மீத்தேனைக் குறைக்க முடியுமா என்பதும் அடுகோடி ஆய்வுகளில் இடம்பெறும் கேள்விகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தீவனக் கணக்கு. ஆனால் அடியில் இருப்பது முதல் கார்பனின் திசைதான்.

பீட்டாவுக்கெனப் பழகிய வயிற்றில் ஆல்ஃபா திடீரெனக் குவிந்தால் என்ன நேரும்? மாட்டுப் பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுப்பது இதற்காகவே. ஆண்டு முழுதும் உழைத்த மாட்டுக்கு அன்று ஒருநாள் வயிறாரப் பொங்கல் ஊட்ட வேண்டும் என்னும் அன்பும், திருமணக் கூடத்தில் மீந்த சோற்றைக் குப்பையில் கொட்டாமல் மாட்டுக்கு வைக்கும் சிக்கனமும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. வெந்த சோறு கட்டற்ற மாவுச்சத்து. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா அதை உண்டு மளமளவெனப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையே இருக்கும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் ஓய்ந்துவிடுகின்றன. 5க்குக் கீழே லாக்டோபேசில்லஸ் இனங்கள் ஆட்சியைக் கைப்பற்றி மேலும் அமிலத்தைச் சேர்க்கின்றன.

இந்த லாக்டிக் அமிலம் இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று மற்றதன் ஆடிப்பிம்பம்: எல் வடிவம், டி வடிவம். விலங்குத் தசை செய்வது எல் வடிவம். அதை எரிக்கக் கல்லீரலிலும் இதயத்திலும் வல்லமை மிக்க நொதி உண்டு. டி வடிவத்துக்கும் ஒரு நொதி இருக்கிறது என்றாலும் அது மெதுவானது. அசையூண் வயிற்றுப் பாக்டீரியாக்களோ இரண்டையும் கலந்தே செய்கின்றன. எல் எரிந்துகொண்டிருக்க, டி இரத்தத்தில் தேங்குகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது, தள்ளாடுகிறது, உடல்நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுக் கண்கள் குழிவிழுகின்றன. கடுமையான நிலையில் ஓரிரு நாள்களில் இறந்துபோகிறது. சோடியம் பைகார்பனேட்டும் நரம்புவழித் திரவங்களும் உரிய நேரத்தில் கிடைத்தால் மீட்கலாம். மறுநாள் வரை காத்திருந்தால் வாய்ப்புக் குறைகிறது.

எழுத்துகளைப் பற்றி இடையே ஒன்று சொல்ல வேண்டும். எல் வடிவ லாக்டிக் அமிலம் முனைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்புகிறது. எல் என்றால் இடது என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். எழுத்து அணுக்களின் அடுக்கைக் குறிக்கிறது. ஒளி திரும்பும் திசையைச் சோதித்தே அறிய வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டே பட்டம் பெற்றவர்கள் பலர்.

அடுக்கை மூன்று பரிமாணத்தில் எண்ண வேண்டும் என்று வேதியியலாளரைக் கட்டாயப்படுத்திய பொருள்களுள் முக்கியமானதும் இதே அமிலம்தான். 1780இல் ஸ்வீடனில் ஷேலே புளித்த பாலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1807இல் பெர்சிலியஸ் இறைச்சிச் சாற்றில் அதைக் கண்டார். தசையிலிருந்து வந்தது ஒளியைத் திருப்பியது. புளித்த பாலிலிருந்து வந்தது திருப்பவில்லை. பகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அணுக்கள், ஒரே பிணைப்புகள். தாளில் எழுதும் கட்டமைப்பு வாய்பாட்டில் வேறுபாட்டைக் காட்ட இடமே இல்லை. 1873இல் யோஹான்னஸ் விஸ்லிசேனுஸ், வேறுபாடு வெளியில் அணுக்கள் அமைந்துள்ள விதத்தில்தான் இருக்க முடியும் என்று எழுதினார். அதைப் படித்த வான்ட் ஹாஃப், 1874இல் தம் 22ஆம் வயதில், கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்குகின்றன என்று ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதே ஆண்டில் பிரான்சில் லெ பெல் தனியே அதே முடிவுக்கு வந்தார். பாலில் பலவகைப் பாக்டீரியாக்கள் சேர்ந்து இரண்டு வடிவங்களையும் செய்ததால், ஒன்றின் சுழற்சியை மற்றது அழித்துவிட்டது என்பது பின்னர் விளங்கிற்று.

1877இல் ஜெர்மனியின் மூத்த வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே இக்கொள்கையைக் கடுமையாக எள்ளினார். அப்போது வான்ட் ஹாஃப் உட்ரெக்ட் நகரத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில் பணிபுரிந்தார். மாட்டு வைத்தியம் கற்பிக்கும் இடத்திலிருந்து வந்த ஒருவர் அணுக்களின் அமைப்பைப் பற்றிக் கற்பனை செய்வதா என்பதே கோல்பேயின் ஏளனத்தின் சாரம். வேதியியலில் முதல் நோபல் பரிசு 1901இல் வான்ட் ஹாஃபுக்குத்தான் கிடைத்தது. அதுவும் நான்முகிக் கார்பனுக்கு அன்று, வினைவேகவியலுக்கும் சவ்வூடு அழுத்தத்துக்கும் என்பது வேறு கதை. கால்நடை நிறுவனங்களில் பணிபுரியும் வேதியியலாளரைச் சற்றுக் கீழாகப் பார்க்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் உண்டு. அவ்வாறு பார்ப்போர் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

தயிருக்கும் இது பொருந்தும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் ஆகியவை எல் வடிவத்தையும், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் டி வடிவத்தையும் தருகின்றன. எந்த உறையில் எது மிகுதி என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு தயிரின் மாற்றிய விகிதம் மாறும், புளிப்பு மாறாது. நாக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை. உடல்நலமுள்ளவர் தயிரிலுள்ள டி வடிவத்தைச் சிக்கலின்றி எரித்துவிடுவர் என்பதால் தயிர்சாதப் பிரியர்கள் கலங்க வேண்டியதில்லை. கைக்குழந்தை உணவில் டி லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கலாகாது என்னும் பன்னாட்டு உணவு நெறி மட்டும் இருந்துவருகிறது.

சிக்கல் வேறொரு சாராரிடம் உண்டு. அறுவைச் சிகிச்சையில் சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கு, செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் சோறு தின்ற மாட்டின் வயிற்றில் நடந்ததையே நடத்துகின்றன. நோயாளிக்கு நா குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு தொடர்பிழக்கிறது. குடித்திருக்கிறார் என்று சுற்றியிருப்போர் கருதுவர். 1979இல்தான் இந்நிலை மனிதரில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதில் ஒரு கொடுமை உண்டு. மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் லாக்டேட் பரிசோதனையே எல் வடிவத்துக்கான நொதியைக் கொண்டுதான் இயங்குகிறது. டி எவ்வளவு தேங்கியிருந்தாலும் அதன் கண்ணில் படாது. நோயாளியின் இரத்தம் அமிலமாக இருக்கும்; அறிக்கையில் லாக்டேட் இயல்பளவில் இருக்கும். மருத்துவர் தனியே கேட்டாலன்றி டி வடிவம் அளக்கப்படுவதில்லை.

எந்த மாற்றியமும் தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. அதைக் கையாளும் நொதி யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள் வாங்கும் செயற்கை மெத்தியோனினில் டி, எல் இரண்டும் சரிபாதி. கோழியின் உடல் டி மெத்தியோனினை எல் வடிவமாக மாற்றிக்கொள்ளும் என்பதால் பிரித்தெடுக்கும் செலவு மிச்சம். லைசினுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோழியால் டி லைசினை மாற்ற இயலாது. ஆகவே லைசின் மட்டும் எல் வடிவமாகவே, பாக்டீரியா நொதித்தலின் வழியே தயாரிக்கப்படுகிறது. ஒரே தீவன மூட்டையில் இரண்டு அமினோ அமிலங்களுக்கு இரண்டு நீதி.

இனிக் கொழுப்பு. பிண்ணாக்கிலும் தவிட்டிலும் லினோலிக் அமிலம் உண்டு. அதில் 18 கார்பன், 32 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். இரட்டைப் பிணைப்புகள் ஒன்பதாம், பன்னிரண்டாம் இடங்களில், இரண்டும் ஒருபக்க வடிவம். அசையூண் வயிற்றுப் பாக்டீரியாக்களுக்கு இது ஒவ்வாதது. அவை இரட்டைப் பிணைப்பை இடம் மாற்றியும் திசை மாற்றியும், பின்னர் ஹைட்ரஜன் ஏற்றியும் அதைத் தணிக்கின்றன. நார் நிறைந்த வயிற்றில் முதலில் உருவாவது ஒன்பதாம் இடத்தில் ஒருபக்கமும் பதினோராம் இடத்தில் மறுபக்கமும் கொண்ட வடிவம். அசையூண் வயிற்றின் பெயராலேயே அதற்கு ரூமெனிக் அமிலம் என்று பெயர். பாலிலும் வெண்ணெயிலும் நெய்யிலும் இருக்கும் இவ்வகைக் கொழுப்பில் பெரும்பங்கு இதுவே. வனஸ்பதியின் மறுபக்கக் கொழுப்பும் பசுவின் மறுபக்கக் கொழுப்பும் பெயரளவில் ஓரினம் ஆயினும், இரட்டைப் பிணைப்பின் இடங்கள் பெரும்பாலும் வேறு. 2022 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பிட்டது தொழிற்சாலை வழிக் கொழுப்புக்குத்தான்.

தாளைக் குறைத்து, தானியமும் தவிடும் பிண்ணாக்கும் மிகுந்த கலப்புத் தீவனத்தை அள்ளி வைக்கும் இடங்களில் இந்த வழி திசைமாறுகிறது. பிஎச் சற்றே இறங்க, பாக்டீரியாக் கூட்டம் மாற, வேறொரு மாற்றியம் மிகுகிறது: பத்தாம் இடத்தில் மறுபக்கம், பன்னிரண்டாம் இடத்தில் ஒருபக்கம். அதே 18 கார்பன், அதே 32 ஹைட்ரஜன், அதே 2 ஆக்சிஜன். 2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இவ்விரு வடிவங்களையும் தூயதாகத் தனித்தனியே பசுக்களின் நான்காம் இரைப்பையில் செலுத்திப் பார்த்தனர். அளவு நாளொன்றுக்கு 10 கிராம். முதல் வடிவம் பாலின் கொழுப்பை அசைக்கவில்லை. இரண்டாவது, நான்கே நாள்களில் கொழுப்பை 40 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்த்தியது. மடியில் கொழுப்பைக் கட்டும் நொதிகளுக்கான மரபணுக்களின் செயற்பாட்டையே அது தணித்துவிடுகிறது.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் விலை கட்டப்படுவது கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் வைத்து. பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைநிலம் மனைகளாக மாற மாற, தாள் அரிதாகிறது. மூட்டைத் தீவனம் எளிதில் கிடைக்கிறது. பால் குறையவில்லை, கூடியும் இருக்கலாம். ஆனால் சேகரிப்பு மையத்தில் கருவி காட்டும் கொழுப்பு எண் இறங்கிவிடுகிறது. கொண்டுவந்த பெண்ணிடம், தண்ணீர் கலந்தாயா அம்மா என்ற கேள்வி எழ அதிக நேரம் ஆகாது. தீவனத்துக்குக் கூடுதலாகச் செலவழித்தவருக்குக் கிடைப்பது குறைந்த விலையும் ஓர் இழிசொல்லும்.

இதைத் தெளிவாக்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. அந்த மாற்றியங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்ட 100 மீட்டர் நீளமுள்ள நுண்குழாய் கொண்ட வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவி வேண்டும்; எந்தச் சங்கத்திலும் அது இருக்காது. ஆனால் மையத்து ரசீதில் இரண்டு எண்கள் அச்சாகின்றன. தண்ணீர் கலந்த பாலில் கொழுப்பும் திடப்பொருளும் சேர்ந்தே இறங்கும். மாற்றியத்தால் நேர்ந்ததாயின் கொழுப்பு மட்டும் விழும், திடப்பொருள் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அவ்வாறு நிற்கும் வீட்டில் கேட்க வேண்டியது, மாட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை கட்டுத் தாள் போடுகிறீர்கள் என்பதைத்தான். தீவனத்தைச் சற்றுக் குறைத்துத் தாளைக் கூட்டினால், பத்துப் பதினைந்து நாள்களில் கொழுப்பு பழைய எண்ணுக்கு ஏறிவிடுகிறது.